சட்டப்பேரவை இல்லாத தீவுகள்: ஒற்றை வாக்கின் மேல் எத்தனை சுமை?

தமிழகத்தின் 39 தொகுதிகளும் புதுச்சேரியும் வாக்களித்த 2024 ஏப்ரல் 19-ஆம் தேதி, சென்னையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் கடலுக்கு நடுவே இன்னொரு தொகுதியும் வாக்களித்தது. மக்களவையின் 543 இடங்களில் ஒன்றான அந்தமான்-நிகோபார் தீவுகள் தொகுதி அது. வாக்காளர்கள் சுமார் 3.15 லட்சம் பேர், வாக்குச்சாவடிகள் 412. தமிழகத்தில் ஒரு பெரிய சட்டப்பேரவைத் தொகுதியின் அளவுதான். ஆனால் வடக்கே திக்லிப்பூரிலிருந்து தெற்கே கிரேட் நிகோபார் வரை எழுநூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் இத்தொகுதியில், வாக்குப்பதிவு இயந்திரங்களே கப்பலிலும் படகிலும் ஹெலிகாப்டரிலும் பயணம் செய்தாக வேண்டும்.

எண்ணிக்கையில் சிறிய தொகுதி என்பதால் தேர்தல் காலங்களில் தில்லி அரசியல் வட்டாரங்களில் இதைப் பற்றிப் பெரிதாக யாரும் பேசுவதில்லை. வாக்கு எண்ணிக்கை நாளன்று "அந்தமான் யாருக்கு?" என்ற கேள்வி எழுந்து, அடுத்த கணம் உத்தரப் பிரதேசக் கணக்கில் கரைந்துவிடும். ஆனால் நாட்டின் பிற பகுதி வாக்காளர்களுக்கு இல்லாத ஒரு பாரம் இத்தீவு வாக்காளர்களுக்கு உண்டு. அவர்களுக்குச் சட்டப்பேரவை கிடையாது. சட்டப்பேரவை இல்லாததால் முதல்வர் இல்லை, அமைச்சர் இல்லை, எதிர்க்கட்சித் தலைவர் இல்லை. மாநிலங்களவையிலும் உறுப்பினர் இல்லை. ஊராட்சிகளும் ஒரு நகராட்சி மன்றமும் உள்ளன. நிகோபார் மாவட்டத்தில் ஊராட்சிகளுக்குப் பதிலாகப் பழங்குடி மன்றங்கள் உள்ளன. அதற்கு மேலே, குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படும் துணைநிலை ஆளுநரும் அவருக்குக் கீழ் இந்திய ஆட்சிப் பணி அதிகாரிகளும்தான் நிர்வாகம்.

ஆகவே, தமிழகத்து வாக்காளர் ஒருவர் சாலைக்காகச் சட்டப்பேரவை உறுப்பினரையும், வெளியுறவுக்காக மக்களவை உறுப்பினரையும் தனித்தனியே எடைபோட முடியும் என்றால், அந்தமான் வாக்காளருக்கு அந்த வசதி இல்லை. கப்பல் பயணச்சீட்டு, குடிநீர், ஆசிரியர் பணியிடம், நிலப் பட்டா, அணு ஆயுதக் கொள்கை என அனைத்துக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் ஒரே பொத்தான்தான்.

அந்த ஒரு பொத்தான் கிடைக்கவும் இவர்கள் காத்திருக்க நேர்ந்தது. 1952-இல் நாடு முழுவதும் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது அந்தமானுக்கு வாக்குப்பதிவு இல்லை. நிகோபார் மக்களின் தலைவராக மதிக்கப்பட்ட பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் நியமன உறுப்பினராக மக்களவைக்கு வந்தார். அடுத்த இரு மக்களவைகளுக்கும் நியமனம்தான். 1967-இல்தான் முதல் நேரடித் தேர்தல் நடந்தது. அன்று தொடங்கி 2024 வரை 15 பொதுத் தேர்தல்கள். இவற்றில் வென்றவர்கள் மொத்தம் நான்கே பேர் என்றால் வியப்பாக இருக்கும். காங்கிரசின் கே.ஆர். கணேஷ் இருமுறை; அதே கட்சியின் மனோரஞ்சன் பக்தா எட்டு முறை; பாரதிய ஜனதாவின் விஷ்ணுபத ராய் 1999, 2009, 2014, 2024 என நான்கு முறை; காங்கிரசின் குல்தீப் ராய் சர்மா 2019-இல் ஒருமுறை.

சட்டப்பேரவை இல்லாத யூனியன் பிரதேசத்தின் வாக்காளர், தில்லியில் ஆளும் கட்சிக்கே வாக்களிப்பார். அதுதான் அவருக்கு ஆதாயம் என்று பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. பதிவேடு அப்படிச் சொல்லவில்லை. 1977, 1989, 1996, 1998, 2009, 2019 ஆகிய ஆறு தேர்தல்களில், மத்தியில் ஆட்சிக்கு வராத கட்சியின் வேட்பாளரையே தீவுகள் தேர்ந்தெடுத்தன. ஜனதா அலை வீசிய 1977-இலேயே இங்கு காங்கிரஸ் வென்றது. தில்லிக் காற்றைப் பார்த்து வாக்களிக்கும் தொகுதி இது என்று யாரும் எளிதில் முடிவுகட்ட முடியாது.

அதேபோல், வெற்றி வித்தியாசங்களும் மெல்லியவை. 2009-இல் 2,990 வாக்குகள், 2014-இல் 7,812, 2019-இல் வெறும் 1,407. 2024-இல்தான் விஷ்ணுபத ராய் 24,396 வாக்குகள் வித்தியாசத்தில் குல்தீப் ராய் சர்மாவைத் தோற்கடித்தார். மறுபுறம், 2014-இல் 70 சதவீதத்தைத் தாண்டிய வாக்குப்பதிவு 2019-இல் சுமார் 65 ஆகவும், 2024-இல் சுமார் 64 ஆகவும் குறைந்திருக்கிறது. இத்தனை பேரின் ஒரே வாய்ப்பான அந்தப் பொத்தானை மூவரில் ஒருவர் அழுத்தாமலே விட்டிருக்கிறார்.

இங்குள்ள தமிழர்களின் நிலை தனியே பார்க்கத்தக்கது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. இவர்களில் வங்க மொழி பேசுவோர் சுமார் 28 சதவீதம். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 15 சதவீதம். தெலுங்கர் சுமார் 13 சதவீதம். போர்ட் பிளேரில் தமிழர் சங்கம் உண்டு, தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. தமிழகக் கட்சிகளின் கொடிகளும் பறக்கின்றன. 2022-இல் நடந்த நகராட்சித் தேர்தலில் காங்கிரசும் பாஜகவும் சமபலத்தில் வந்தபோது தெலுங்கு தேசமும் திமுகவும் சிற்சில இடங்களுடன் மன்றத்துக்குள் நுழைந்தன. மக்களவைத் தேர்தலிலோ இக்கட்சிகள் இரு பெரிய கட்சிகளில் ஒன்றுக்குத் தோள் கொடுப்பதோடு நின்றுவிடுகின்றன.

தமிழர்களின் குறைகளில் ஒன்று வெளியே அதிகம் தெரியாதது. அந்தமான்-நிகோபார் தீவுகளுக்கெனப் பட்டியல் சாதியினர் என்று எந்தச் சமூகமும் அறிவிக்கப்படவில்லை. தமிழகத்தில் தலைமுறை தலைமுறையாக அந்தச் சான்றிதழ் பெற்ற குடும்பம் கப்பலேறி இங்கு குடியேறினால், தீவு நிர்வாகத்தின் பதிவேட்டில் அந்தத் தகுதிக்கு இடமில்லை. பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்தவரின் பிள்ளைக்கு இது சிறிய இழப்பல்ல. இதைப் போன்றவற்றை விவாதிக்க ஒரு பேரவை இருந்திருந்தால் எத்தனையோ முறை தீர்மானம் வந்திருக்கும்.

கச்சால் தீவுத் தமிழர்களின் கதை இன்னும் கனமானது. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையின் தோட்டங்களிலிருந்து திரும்பிய இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் ஒரு பகுதியினர், 1970-களில் நிகோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத் தொழிலாளர்களாகக் குடியமர்த்தப்பட்டனர். 2000-ஆம் ஆண்டுப் புத்தாண்டின் முதல் சூரியக் கதிர் விழும் இந்திய மண் என்று சுற்றுலாத் துறை கொண்டாடியது இதே தீவைத்தான். ஐந்தாண்டுக்குள், 2004 டிசம்பர் 26-இல், ஆழிப்பேரலை மிகக் கொடுமையாக அடித்துச் சென்ற இடங்களுள் ஒன்றாகவும் அதுவே ஆனது. தோட்டத்தை நடத்திவந்த அரசு வன, தோட்ட மேம்பாட்டுக் கழகமோ நஷ்டத்தில் மூழ்கியது. அதை மூடுவதற்கு மத்திய அமைச்சரவை 2017-இல் ஒப்புதல் அளித்தது. பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தீவு என்பதால் நிலத்தில் உரிமை இல்லை. வேலை தந்த நிறுவனமும் இல்லை. இலங்கையிலும் வாக்குரிமை பறிக்கப்பட்ட வம்சம் இது. இவர்களின் கையிலுள்ள வாக்காளர் அட்டைக்கு உள்ள பொருள், சென்னையில் இருப்பவருக்கு எளிதில் விளங்காது.

ஆழிப்பேரலை நிகோபாரின் அரசியலையே மாற்றியது. அம்மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-இல் 42,068, 2011-இல் 36,842. நாடெங்கும் மக்கள்தொகை பெருகிய பத்தாண்டில் இங்கு குறைந்தது. இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போனது. தகரக் கொட்டகைகளில் ஆண்டுக் கணக்கில் வாழ்ந்த பின்னரே ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நிரந்தர வீடுகள் எழுந்தன. கிரேட் நிகோபாரின் தென்கரையிலும் மேற்குக் கரையிலும் வாழ்ந்த நிகோபாரிகள் கேம்பெல் பே அருகே ராஜீவ் நகரிலும் நியூ சிங்கென்னிலும் குடியேற்றப்பட்டனர். தங்கள் பழைய ஊர்களுக்குத் திரும்ப வேண்டும் என்பது இருபது ஆண்டுகளாக அவர்கள் வைத்துவரும் கோரிக்கை.

அந்தப் பழைய ஊர்களின் நிலம் உள்ளிட்ட பகுதிகளில்தான் இன்று கிரேட் நிகோபார் திட்டம் வருகிறது. கலத்தியா வளைகுடாவில் சரக்குப் பரிமாற்றத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், புதிய நகரம். முதலில் மதிப்பிடப்பட்ட செலவு சுமார் 72,000 கோடி ரூபாய். இதற்காக 130 சதுர கிலோமீட்டர் காடு மாற்றுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டது. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. அதே மாதத்தில், முன்பு தாங்கள் அளித்த ஆட்சேபணையின்மைச் சான்றைத் திரும்பப் பெறுவதாக லிட்டில், கிரேட் நிகோபார் பழங்குடி மன்றம் அறிவித்தது. மலாக்கா நீரிணையின் வாயிலில் இந்தியாவுக்கு ஒரு துறைமுகம் வேண்டும் என்ற பாதுகாப்பு வாதத்தைப் புறந்தள்ள முடியாது. வேலைவாய்ப்பு வரும் என்று நம்பும் வாக்காளர்களும் கணிசமாக உள்ளனர். 1969 முதல் அங்கு குடியமர்த்தப்பட்ட முன்னாள் படைவீரர் குடும்பங்களின் இளைய தலைமுறைக்கு மீன்பிடியும் தென்னையும் தவிர வேறு வழி இல்லை. ஆனால் ஒரு கணக்கை மட்டும் கவனிக்க வேண்டும். 2011-இல் கிரேட் நிகோபாரின் மக்கள்தொகை சுமார் 8,000. திட்டம் நிறைவேறும்போது அங்கு 3.5 லட்சம் பேர் வாழ்வார்கள் என்கிறது திட்ட ஆவணம். அதாவது, 2011-இல் தீவுகள் அனைத்திலும் சேர்த்து வாழ்ந்தவர்களுக்கு ஏறத்தாழ நிகரான எண்ணிக்கை. நிகோபாரி வாக்குகளின் எடை அன்று என்னவாகும் என்பதைப் பிரசார மேடைகளில் யாரும் பேசவில்லை.

அதே தீவின் காட்டில் வாழும் ஷோம்பென் பழங்குடியினர் 2011 கணக்கெடுப்பின்படி 229 பேர். 2024 ஏப்ரல் 19-இல் அவர்களுள் ஏழு பேர் வரலாற்றில் முதல்முறையாக வாக்களித்தனர். வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றவர்கள் 98 பேர். ஸ்ட்ரெய்ட் தீவில் கிரேட் அந்தமானியரும் லிட்டில் அந்தமானில் ஓங்கே பழங்குடியினரும் வாக்குச்சாவடிக்கு வந்தனர். மை வைத்த விரலை உயர்த்தி நின்ற படங்கள் நாளேடுகளின் முதல் பக்கங்களை அலங்கரித்தன. ஜனநாயகத்தின் எல்லை விரிகிறது என்று பெருமிதம் கொள்வதில் தவறில்லை. ஆனாலும் அவர்களது காட்டின் விதியை எழுதிய கோப்பில் கையெழுத்தான நாளுக்கும், அவர்கள் விரலில் மை வைக்கப்பட்ட நாளுக்கும் இடையே பதினேழு மாதங்கள் கடந்திருந்தன. 2025 ஜனவரியில் ஜாரவா பழங்குடியினர் 19 பேருக்கும் வாக்காளர் அட்டை வழங்கப்பட்டது. ஜாரவா ஒதுக்கக் காட்டின் ஊடே செல்லும் அந்தமான் நெடுஞ்சாலைப் பகுதியை மூட உச்ச நீதிமன்றம் 2002-இல் உத்தரவிட்டது. மத்திய அந்தமான் விவசாயிக்கு அந்தச் சாலைதான் மருத்துவமனை, சந்தை, கல்லூரி. சாலை மூடப்படக்கூடாது என்று வாக்களிப்பவரும், சாலையால் பாதிக்கப்படுபவரும் இனி ஒரே வாக்காளர் பட்டியலில் இருப்பார்கள்.

அன்றாடக் கவலைகள் இவற்றுக்கு நடுவே அடங்கிவிடுவதில்லை. அரிசியும் வெங்காயமும் சிமென்ட்டும் சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ கடல் தாண்டி வர வேண்டும். கப்பல் தாமதமானால் கடைத்தெருவில் விலை ஏறும். விடுமுறைக் காலத்தில் விமானக் கட்டணம் கூலித் தொழிலாளியின் கைக்கு எட்டாது. மூன்று நாள் கப்பல் பயணத்துக்கும் சீட்டுக் கிடைக்க வேண்டும். சில மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன என்பதையும் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட கடலடிக் கண்ணாடியிழைக் கம்பிவடம் 2020 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியது. அதுவரை செயற்கைக்கோளை நம்பியிருந்த இணையத் தொடர்பு உயிர்பெற்றது. 2015-இல் மருத்துவக் கல்லூரி வந்தது. 2023 ஜூலையில் புதிய விமான முனையம் திறக்கப்பட்டது. பெயர்களும் மாறின: ஹேவ்லாக் 2018-இல் ஸ்வராஜ் தீவாகவும், போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரமாகவும் ஆயின. சோழர் படை நினைவோடு இணைத்துச் சொல்லப்பட்ட அந்தப் பெயர், தமிழர்கள் சிலருக்கு மகிழ்ச்சி. பெயரை மாற்றியபோதும் தீவு மக்களின் கருத்தை முறைப்படி கேட்க ஓர் அவை இல்லை என்பது வேறு விஷயம்.

சட்டப்பேரவை வேண்டும் என்ற கோரிக்கை பழையது. மக்களவையில் இத்தொகுதியின் உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி எழுப்பியிருக்கிறார்கள். புதுச்சேரிக்கு 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கிடைத்தது தங்களுக்கு ஏன் இல்லை என்பது அவர்கள் வாதம். எல்லைப் பாதுகாப்பு, குறைந்த மக்கள்தொகை, சொந்த வருவாய் இன்மை என்பன உள்துறை அமைச்சகத்தின் தயக்கத்துக்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. விளைவு, அரசமைப்புச் சட்டத்தின் 240-ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர் பிறப்பிக்கும் ஒழுங்குமுறைகளே இங்கு சட்டத்துக்கு நிகர். தீவுகளின் வரவு-செலவோ மத்திய பட்ஜெட்டில் உள்துறை அமைச்சகத்தின் மானியக் கோரிக்கைகளுள் ஓர் எண். விவாதமின்றி மொத்தமாக நிறைவேற்றப்படும் கோரிக்கைகளின் பட்டியலில் அது சேர்ந்துவிடும் ஆண்டுகளில், அந்தமான் என்ற சொல்லே அவையில் ஒலிக்காமல் அதன் ஓராண்டுச் செலவுக்கு ஒப்புதல் கிடைத்துவிடுகிறது.

இந்த நிலையில்தான் வாக்காளர் பட்டியலின் தீவிர திருத்தம் தீவுகளுக்கும் வந்தது. 2025 டிசம்பரில் வெளியான வரைவுப் பட்டியலில், முன்பு இருந்த பெயர்களில் சுமார் 64,000 இடம்பெறவில்லை. ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. இறந்தவர்கள், ஊர் மாறியவர்கள், இரட்டைப் பதிவுகள் இதில் அடக்கம் என்று தேர்தல் ஆணையம் விளக்கியது. பணி மாறிச் செல்லும் படையினரும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் மிகுந்த இடம் என்பதால் அந்த விளக்கத்தில் நியாயம் இருக்கலாம். அதே நேரத்தில், ஆழிப்பேரலையில் ஆவணங்களை இழந்தவர்களும், வருவாய்த் துறைப் பட்டா இல்லாமல் காட்டு நிலத்தில் குடியிருப்பவர்களும் வாழும் இடமும் இதுதான். 2019-இல் இத்தொகுதியின் முடிவைத் தீர்மானித்தவை 1,407 வாக்குகள்.