எப்ப வேணா போலாம்!

ஓசூர்ல இருந்து பெங்களூரு எவ்வளவு தூரம்? கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். ஜுஜுவாடி தாண்டினா அத்திப்பள்ளி, அப்புறம் பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டி. சென்னை? 300 கிலோமீட்டருக்கும் மேல.

இப்ப சொல்லுங்க. உங்க ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ்ல கடைசியா யாரை நேர்ல பார்த்தீங்க? சென்னைக்குப் போனவனையா, பெங்களூருக்குப் போனவனையா?

நான் பார்த்தது சென்னைக்காரனைத்தான். பொங்கல், தீபாவளின்னா முன்னாடியே டிக்கெட் போட்டு வந்துடுவான். அவன் வர்றான்னா நாங்களும் எல்லா வேலையையும் ஒதுக்கி வெச்சிடுவோம். பெங்களூருக்காரன் குடும்பத்தோட அங்கேயே குடி போயிட்டான். அவனைப் பார்த்து எட்டு மாசம் ஆச்சு. காரணம் கேட்டா சிரிப்பீங்க: "பக்கத்துலதானே இருக்கான், எப்ப வேணா போலாம்!"

அந்த எட்டு மாசத்துல அவனுக்கு டெங்கு வந்து நாலு நாள் ஆஸ்பத்திரில இருந்திருக்கான். எனக்கு எப்படித் தெரியும்? டிஸ்சார்ஜ் ஆன பிறகு அவன் போட்ட ஸ்டேட்டஸைப் பார்த்துதான். போன் பண்ணி, "ஏன்டா ஒரு வார்த்தை சொல்லல?"ன்னு சத்தம் போட்டேன். "நீ பிஸியா இருப்பேன்னு நினைச்சேன்டா"ன்னான். அவன் கோபமா சொல்லியிருந்தா கூடப் பரவாயில்ல. ரொம்ப சாதாரணமா சொன்னான்.

டிராஃபிக், இன்டெர்னல்ஸ், அவனுக்கு ஷிஃப்ட்... எல்லாம் உண்மைதான். ஆனா உண்மையிலேயே போக முடியாத நாட்களும் இந்த ரோட்டுல இருந்திருக்கு. 2016 செப்டம்பர்ல காவிரிப் பிரச்சினை வெடிச்சப்ப தமிழ்நாட்டு பஸ்கள் ஜுஜுவாடியோட நின்னுடுச்சு. ஜனங்க பையைத் தூக்கிக்கிட்டு அத்திப்பள்ளி வரைக்கும் நடந்தே பார்டரைத் தாண்டினாங்க. 2020 லாக்டவுன்ல இ-பாஸ் இல்லாம அந்தப் பக்கம் போக முடியல. இன்னைக்கு அப்படி எந்தத் தடையும் இல்ல. 2025 ஆகஸ்ட்ல இருந்து பொம்மசந்திரா வரைக்கும் மெட்ரோவே வந்தாச்சு. போகாம இருக்கிறது நாமதான்.

உடனே யாராவது கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் கதையைச் சொல்வாங்க. "அவங்க பார்த்துக்காமலே நண்பர்களா இருக்கலையா?" இருந்தாங்க. ஆனா அந்தக் கதையோட முடிவை வசதியா மறந்துடுறோம். சோழன் வடக்கிருந்தப்ப, பிசிராந்தையார் பாண்டிய நாட்டுல இருந்து கிளம்பி வந்தாரு. அவருக்குன்னு ஒதுக்கி வெச்ச இடத்துல உட்கார்ந்து, தானும் உயிரை விட்டாரு. வர வேண்டிய நேரத்துல வந்தாரே, அதனாலதான் அது நட்பு. "கெட் வெல் சூன்" ஸ்டிக்கர் அனுப்பிட்டு நாம பிசிராந்தையார்னு சொல்லிக்க முடியுமா?

தூரமா இருக்கிற நட்புக்கு நாம தேதி குறிக்கிறோம். பக்கத்துல இருக்கிற நட்புக்குக் குறிக்கிறதே இல்ல. பிரச்சினை அங்கதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன். அதனால சென்னைக்காரனுக்குப் பண்றதையே பெங்களூருக்காரனுக்கும் பண்ணுங்க: ஒரு தேதி குறிங்க. எல்லாரும் சேர்ந்து போலாம்னு குரூப்ல கேட்டுக்கிட்டு இருக்காதீங்க. ஆறு பேருக்கும் ஒத்து வர்ற ஞாயிற்றுக்கிழமை இந்தக் காலண்டர்ல கிடையாது. தனியாவே பஸ் ஏறுங்க. அவன் ஊர்ல ஒரு டீ குடிச்சுட்டு அன்னைக்கே திரும்பி வந்துடலாம்.

நான் இந்த ஞாயிறு போறேன். நேத்து போன்ல சொன்னதும் அவன் கொஞ்ச நேரம் எதுவும் பேசல. அப்புறம், "என்னடா, ஏதாவது விசேஷமா?"ன்னு கேட்டான்.

உங்க ஃப்ரெண்ட் இந்தக் கேள்வியைக் கேட்கிற அளவுக்கு விட்டுடாதீங்க. அவ்வளவுதான்.