எந்தப் பொருளை எந்தக் கடையில் வாங்குவது?

ஒவ்வொரு புதிய செமஸ்டரின் தொடக்கத்திலும் கம்பார், தஞ்சோங் மாலிம், செர்டாங் போன்ற பல்கலைக்கழக ஊர்களில் மாணவர்கள் வாடகை வீடு தேடி அலைகிறார்கள். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டைப் பிடித்ததும் அடுத்த பட்டியல் நீளத் தொடங்குகிறது. சமையலறைக் குழாய் சொட்டுகிறது, ஓர் அறையில் விளக்கு எரியவில்லை, மூன்று மடிக்கணினிகளுக்கு ஒரே ஒரு சாக்கெட்தான் இருக்கிறது, பின்கதவுக்குப் பூட்டு இல்லை. வீட்டில் அப்பாவோ தாத்தாவோ பார்த்துக்கொண்ட வேலைகள் எல்லாம் இப்போது நம் தலையில் வந்து விழுகின்றன. இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கும் இந்த நாள் தூரத்தில் இல்லை.

அப்போது எழும் முதல் கேள்வி, இவற்றை எங்கே வாங்குவது என்பதுதான். பெரும்பாலான இளையோரின் பதில், எங்கே மலிவோ அங்கே என்பதாக இருக்கிறது. கையில் இருப்பது கல்விக் கடனிலும் பெற்றோரின் உழைப்பிலும் வந்த பணம். அதை எண்ணிச் செலவு செய்வதில் தவறில்லை. ஆனால் ஆணிக்கும் மின்கம்பிக்கும் ஒரே அளவுகோலைப் பிடிக்க முடியாது. வளைந்துபோன ஆணியை எறிந்துவிட்டு வேறு ஆணி அடிக்கலாம். மின்கம்பி உருகினால் அந்த வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பவர்களின் உயிருக்கு ஆபத்து. ஆகவே முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல. இந்தப் பொருள் பழுதானால் என்ன நடக்கும் என்பதைக் கேட்க வேண்டும்.

மூன்று வகைக் கடைகள்

இன்று நம் முன்னால் மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, தாமான் கடைவீதியில் பல ஆண்டுகளாக இருக்கும் ஹார்ட்வேர் கடை. இரண்டாவது, பேரங்காடிகளிலும் கடைவரிசைகளிலும் கிளை பரப்பியுள்ள சங்கிலித் தொடர்க் கடைகள். 2005ஆம் ஆண்டு கோலாலம்பூர், ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் ஒரே ஒரு கடையாகத் தொடங்கிய மிஸ்டர் டி.ஐ.ஒய், 2020இல் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படும் அளவுக்கு வளர்ந்தது. இந்த வகைக் கடைகளை மலேசியர்கள் எவ்வளவு விரும்புகிறார்கள் என்பதற்கு அதுவே சான்று. மூன்றாவது, ஷோப்பி, லசாடா போன்ற இணையச் சந்தைகள்.

மூன்றுக்கும் தனித்தனி பலம் உண்டு. சங்கிலித் தொடர்க் கடையில் எல்லாப் பொருளுக்கும் விலை ஒட்டப்பட்டிருக்கும். யாரும் அவசரப்படுத்தாமல் எடுத்துப் பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் வைத்துவிட்டு வரலாம். முதன்முறையாகச் சுத்தியல் வாங்கும் ஒருவருக்கு அந்தச் சுதந்திரம் பெரிது. கொக்கி, பசை நாடா, வாளி, துணி உலர்த்தும் கம்பி, எப்போதாவது தேவைப்படும் ஸ்க்ரூ டிரைவர் ஆகியவற்றுக்கு அது போதுமான இடம்.

இணையத்தில் இருப்பதுபோன்ற தேர்வு எந்தக் கடையிலும் இல்லை. நிறுத்தப்பட்ட பழைய மாதிரியின் உதிரிப்பாகம்கூட அங்கே கிடைக்கலாம். ஆனால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையும் அங்கேதான் நடக்கிறது. நான்கு திருகாணிக்கு அனுப்புச் செலவு கொடுத்து மூன்று நாள் காத்திருப்பதைவிடத் தெருமுனைக்கு நடந்துபோவது லாபம்.

பழைய ஹார்ட்வேர் கடையின் பலம் அலமாரியில் தெரியாது, கல்லாவுக்குப் பின்னால் நிற்பவரிடம் இருக்கிறது. அங்கே ஒரே ஒரு திருகாணி வாங்கலாம், குழாயை வேண்டிய நீளத்துக்கு அறுத்து வாங்கலாம், சாவிக்கு நகல் எடுக்கலாம். கழற்றிய பழைய பாகத்தை மேசையில் வைத்தால் தவுக்கே அதைப் பார்த்த மாத்திரத்திலேயே அளவைச் சொல்லிவிடுவார். குறையும் உண்டு. சில கடைகளில் விலை எழுதியிருக்காது. புதிய முகத்தைப் பார்த்தால் ஒரு விலை சொல்வார்களோ என்ற தயக்கம் மாணவர்களுக்கு உண்டு. "இதெல்லாம் உனக்கு எதற்கு, அப்பாவை அனுப்பு" என்பதுபோல மாணவிகளைப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். தயங்க வேண்டாம். விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டியது சில்லறை வணிகரின் சட்டக் கடமை. கேட்பது நம் உரிமை.

அளவு தெரியாமல் வாங்காதீர்கள்

மாணவர்கள் பணத்தை வீணாக்குவது பெரும்பாலும் அளவில்தான். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நம் வீடுகளில் இருக்கும் சாதாரணக் குழாயை 'அரை அங்குலக் குழாய்' என்பார்கள். அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர். ஆனால் குழாயின் மரையை அளவுகோல் வைத்து அளந்தால் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர் காட்டும். அந்தப் பெயர் பழைய இரும்புக் குழாயின் உள்விட்டத்தை ஒட்டி வந்தது. நாம் அளப்பதோ மரையின் வெளிவிட்டம். இது தெரியாதவர் 21 மில்லிமீட்டரை அங்குலமாக மாற்றிப் பார்த்து, முக்கால் அங்குலத்துக்கு அருகில் இருக்கிறதே என்று இணையத்தில் முக்கால் அங்குலக் குழாயை வாங்கிவிடுவார். வந்த பொருள் பொருந்தாது. பழைய குழாயைக் கடைக்கு எடுத்துப் போயிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். சொட்டும் குழாய்க்குப் பல நேரங்களில் புதுக் குழாயே தேவையில்லை, தேய்ந்த வாஷரை மாற்றினால் போதும். அதை இணையத் திரை நமக்குச் சொல்லாது, அனுபவமுள்ள கடைக்காரர் சொல்வார்.

விளக்கும் அப்படித்தான். திருகி மாட்டும் பல்பு பெரும்பாலும் இ27, அழுத்தித் திருப்பி மாட்டும் பல்பு பி22. அந்த எண்கள் பல்பின் அடிப்பகுதி விட்டத்தை மில்லிமீட்டரில் குறிப்பவை. வாங்குவதற்கு முன் பழைய பல்பைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டால் போதும்.

சாயம் வாங்கும்போது கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம் உள்ள அறையில் நான்கு சுவர்களின் பரப்பு 32 சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். இரண்டு பூச்சு என்றால் சுமார் 65 சதுர மீட்டர். ஒரு லிட்டர் எத்தனை சதுர மீட்டருக்கு வரும் என்பது டின்னிலேயே எழுதியிருக்கும். அது 10 என்றால் ஆறரை லிட்டர் தேவை. கதவு, சன்னலைக் கழித்தால் இன்னும் குறையும். கடையில் இயந்திரத்தில் கலந்து தரும் நிறத்தைப் பொதுவாகத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கணக்கை வீட்டிலேயே முடித்துக்கொண்டு போவது நல்லது. சாயம் பூசவும் சுவரில் துளையிடவும் வீட்டு உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் முன்பணத்திலிருந்து கழித்துவிடுவார்.

மின்சாரத்தில் சிக்கனம் வேண்டாம்

இந்தத் தலையங்கத்தில் மற்றவற்றை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். மாணவர் வீடுகளில் அதிகம் வாங்கப்படும், அதிகம் தவறாகப் பயன்படுத்தப்படும் பொருள் எக்ஸ்டென்ஷன் வயர். நம் நாட்டில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். மூன்று முள் பிளக் தாங்குவது 13 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 2,990 வாட். அதாவது, ஒரு எக்ஸ்டென்ஷனில் நான்கு துளைகள் இருந்தாலும் ஆறு துளைகள் இருந்தாலும் அனைத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 3,000 வாட்தான். 2,000 வாட் நீர்க் கெட்டிலையும் 1,200 வாட் இஸ்திரிப் பெட்டியையும் ஒரே நேரத்தில் செருகினாலே வரம்பைத் தாண்டிவிடுகிறோம். சற்றே கூடுதலான சுமைக்கு ஃபியூஸ் உடனே எரிந்துவிடாது. அதற்கு முன்பே மெல்லிய கம்பி சூடேறத் தொடங்கும். மலிவான பொருளில் மிச்சம் பிடிக்கப்படுவது அந்தக் கம்பியின் தடிமனில்தான், அது கண்ணுக்குத் தெரியாது.

நம் கண்ணால் பார்க்கக்கூடியது முத்திரை. பிளக், எக்ஸ்டென்ஷன், மின்விசிறி, கெட்டில், சோற்றுப் பானை போன்ற வீட்டு மின்பொருள்களை மலேசியாவில் விற்க எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவின் அங்கீகாரம் வேண்டும். அங்கீகாரம் பெற்ற பொருளில் சிரிம் முத்திரை ஒட்டப்பட்டிருக்கும். அது இல்லாத பொருளை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது. கடையில் என்றால் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். இணையத்தில் படம்தான் இருக்கும். படத்தில் முத்திரை தெரிந்தாலும், வந்து சேரும் பொருளில் அது இருக்கிறதா என்று பார்த்த பிறகே பயன்படுத்துங்கள். மின்பொருள்களை மட்டுமாவது நேரில் பார்த்து வாங்குங்கள் என்று நாம் சொல்வது இதனால்தான்.

இணையத்தில் வாங்கும் சில பொருள்கள் இரண்டு முள் பிளக்குடன் வருகின்றன. நம் சாக்கெட்டின் மேல் துளையில் பேனாவையோ குச்சியையோ செருகித் திறந்து அவற்றை மாட்டுவது பல வீடுகளில் பழக்கமாகிவிட்டது. மேல் துளைக்கு உரிய முள் நில இணைப்புக்கானது. அந்த முள் நுழையும்போது மட்டும் கீழ்த் துளைகள் திறக்கும்படி சாக்கெட் வடிவமைக்கப்பட்டிருப்பதே நம் விரல்களைக் காப்பதற்காக. அந்தப் பாதுகாப்பை நாமே உடைக்கக்கூடாது. சுவருக்குள் இருக்கும் மின்கம்பி வேலையிலும் கை வைக்க வேண்டாம். அதை உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும், வாடகை வீட்டில் அதை ஏற்பாடு செய்யும்படி உரிமையாளரிடம் கேளுங்கள். சமையல் எரிவாயுக் குழாய்க்கும் ரெகுலேட்டருக்கும் இதே கண்டிப்பு பொருந்தும். முத்திரை பார்த்து, தெரிந்த கடையில் வாங்குங்கள்.

பற்றுச்சீட்டும் சட்டமும்

1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் தரும் உரிமைகளை மாணவர்களில் பலர் அறிந்திருக்கவில்லை. விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பலகை மாட்டிவிட்டால் அந்தக் கடமை நீங்கிவிடாது. நிறம் பிடிக்கவில்லை என்று மனம் மாறினால் திருப்பிக் கொடுக்கும் உரிமை நமக்கு இல்லை. பொருளில் கோளாறு இருந்தால் உண்டு.

இன்னொரு விதியையும் கவனியுங்கள். எந்தப் பயன்பாட்டுக்காக வாங்குகிறோம் என்பதைக் கடைக்காரரிடம் சொல்லி, அவர் சொல்லை நம்பி வாங்கினால், பொருள் அந்தப் பயன்பாட்டுக்குப் பொருந்த வேண்டும். "குளியலறைச் சுவரில் 10 கிலோ எடையைத் தாங்க வேண்டும், எந்தக் கொக்கி?" என்று வாய்விட்டுக் கேட்பது வெறும் பேச்சு அல்ல. அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டு. பேசாமல் எடுத்து வந்தால் அந்தப் பாதுகாப்பை இழக்கிறோம்.

கடையோடு பேசித் தீரவில்லை என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தில் பதிவு செய்யலாம், பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் ஆதாரம் வேண்டும். பற்றுச்சீட்டில் உள்ள எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். வாங்கிய அன்றே அதைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள்.

கற்றுக்கொள்ளும் இடம்

உங்கள் பெற்றோர் இடைநிலைப்பள்ளியில் 'கெமாஹிரான் ஹிடுப்' என்ற வாழ்வியல் திறன் பாடம் படித்திருப்பார்கள். மூன்று முள் பிளக்கில் கம்பி பூட்டவும் குழாயைப் பழுதுபார்க்கவும் அதில் சொல்லிக் கொடுத்தார்கள். 2017இல் புதிய பாடத்திட்டம் வந்தபோது அதன் இடத்தில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடம் வந்தது. காலத்துக்கு ஏற்ற மாற்றம்தான். என்றாலும், சொட்டும் குழாயை நிறுத்தத் தெரிவது எந்தக் காலத்திலும் தேவைப்படும் திறன். அதைப் பள்ளி கற்றுத் தராவிட்டால் அப்பாவிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் அந்தப் பழைய ஹார்ட்வேர் கடைக்காரரிடமும்தான் கற்க முடியும்.

சிறு கடைகள் மேல் இரக்கப்பட்டு எல்லாவற்றையும் அங்கேயே வாங்குங்கள் என்று நாம் சொல்லவில்லை. அதே வேளையில், கடைக்காரரிடம் அரை மணி நேரம் விளக்கம் கேட்டுவிட்டு, கடை வாசலிலேயே நின்று கைப்பேசியில் வேறிடத்தில் வாங்குவது நியாயமா என்று யோசியுங்கள். அவருடைய அறிவைப் பயன்படுத்திக்கொண்டு அதற்கு ஒரு சென்னும் கொடுக்காமல் போனால், அடுத்த தலைமுறை மாணவர் வந்து கேட்க அந்த இடத்தில் கடை இருக்காது.

ஆகவே மாணவர்களே, வாங்கப் போகும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இது பழுதானால் யாருக்காவது ஆபத்து உண்டா? உண்டு என்றால் முத்திரை பார்த்து நேரில் வாங்குங்கள். இதன் சரியான அளவு எனக்குத் தெரியுமா? தெரியாது என்றால் பழைய பாகத்தோடு ஹார்ட்வேர் கடைக்குப் போங்கள். இதை எத்தனை முறை பயன்படுத்துவேன்? ஒரே முறை என்றால் துளையிடும் இயந்திரம் போன்றவற்றை வாங்கவே வேண்டாம், இரவல் கேளுங்கள், அல்லது வீட்டில் உள்ள அனைவரும் பங்கு போட்டு ஒன்றை வாங்குங்கள். மீதியை எங்கே மலிவோ அங்கே தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்று மாலையே உங்கள் அறையில் இருக்கும் எக்ஸ்டென்ஷன் வயரைத் திருப்பிப் பாருங்கள். முத்திரை இல்லை என்றாலோ, பிளக் கருகியிருந்தாலோ, தொட்டால் சுட்டாலோ, உங்கள் பட்டியலின் முதல் வரியில் அதை எழுதுங்கள்.