சோறு கரைந்ததா, ஆணி கரைந்ததா?

உணவுக் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்க முடியுமா? முடியும். இந்த ஒற்றைச் சொல் பதிலை வைத்துக்கொண்டு நான்காம் படிவத்தில் நான் ஒரு வெண்கலப் பதக்கம் வாங்கினேன். தைப்பிங்கில் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் அது இன்றும் இருக்கிறது. அதை எப்படி வாங்கினேன் என்ற உண்மையைச் சொல்லவே இக்கட்டுரை.

என் மாமா வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அங்கு மிஞ்சிய சோற்றையும் சாம்பாரையும் ஆறு பிளாஸ்டிக் டப்பாக்களில் நிரப்பினேன். ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு செப்புக் கம்பி, சிங்க் கூரைக்கு அடிக்கும் ஆணி ஒன்று. ஆறையும் வரிசையாக இணைத்ததும் ஒரு சிறு எல்.இ.டி. விளக்கு எரிந்தது. “தைப்பிங்கின் உணவுக் கழிவு, தைப்பிங்கிற்கே வெளிச்சம்” என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். நடுவர்கள் பாராட்டினார்கள். ஆணியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கையில், ஆய்வுக்கூடத்தில் ஒரு சீனியர் அக்காவிடம் இந்தக் கதையைப் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “தம்பி, அந்த ஆணியை எடை போட்டுப் பாத்தியா?” என்று மட்டும் கேட்டார். அன்று மாலையே டப்பாவில் சோற்றுக்குப் பதில் வெறும் உப்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம். விளக்கு எரிந்தது! ஆணியின் மேல் பூசியிருந்த துத்தநாகம்தான் கரைந்து மின்சாரம் தந்திருக்கிறது. எலுமிச்சம்பழத்தில் செம்பையும் துத்தநாகத்தையும் செருகி விளக்கெரிக்கும் பழைய சோதனைதான் அது. சோறு அங்கே வெறும் ஈரம். பதக்கம் ஆணிக்குரியது.

அப்படியானால் உண்மையான நுண்ணுயிர் மின்கலம் எப்படி இயங்குகிறது? நாம் உண்ட உணவிலிருந்து பிரியும் எலெக்ட்ரான்கள் கடைசியில் நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனிடம் போய்ச் சேர்கின்றன. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் அந்த எலெக்ட்ரான்களைத் தம் உடலுக்கு வெளியே உள்ள இரும்புத் தாதுவிடம் தள்ளிவிடுகின்றன. ஜியோபாக்டர், ஷெவனெல்லா ஆகியவை அத்தகையவை. தாதுவுக்குப் பதிலாக ஒரு கரித்துணியை வைத்தால் அதனிடமும் தள்ளும். அதுவே ஆனோடு. அங்கிருந்து கம்பி வழியாக எலெக்ட்ரான்கள் கேதோடுக்குச் சென்று, காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் ஹைட்ரஜன் அயனிகளோடும் சேர்ந்து நீராகின்றன. கம்பியில் ஓடும் அந்த ஓட்டமே மின்சாரம். இங்கே கரைவது சோறு. கரித்துணி அப்படியே இருக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் எம். சி. பாட்டர் 1911இலேயே நுண்ணுயிர்களிடமிருந்து மின்சாரம் பெற்றுக் காட்டினார். அவர் பயன்படுத்தியது பிளாட்டினம். ஆணியைப் போல் கரைந்து ஏமாற்றாத உலோகம். நம் காலத்தில் ஹைதராபாத்திலுள்ள இந்திய வேதியியல் தொழில்நுட்பக் கழகத்தில் வெங்கட மோகன் குழுவினர் சிற்றுண்டிச்சாலை உணவுக் கழிவையே இத்தகைய கலத்திற்கு எரிபொருளாகக் கொடுத்து ஆராய்ந்து, 2011இல் முடிவுகளை வெளியிட்டனர்.

அக்காவும் நானும் கரித்துணியை வைத்து மீண்டும் செய்தோம். முதல் சில நாள்கள் ஒன்றுமில்லை. பிறகு மெல்ல ஏறி 0.3 வோல்ட்டில் நின்றது. ஒரு சாதாரண பேட்டரி 1.5 வோல்ட். உணவை அதிகமாகக் கொட்டினால் கூடுமென்று நினைத்தோம், குறைந்தது. மாவு புளிப்பதைப்போல உணவு புளித்து அமிலமாகி, மின்சாரம் தரும் பாக்டீரியாக்களை முடக்கிவிட்டது. ஆனாலும் அந்த 0.3 வோல்ட், என் பதக்கத்தைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றியது. அது சோற்றிலிருந்து வந்தது.

இனி கணக்கைப் பார்ப்போம். ஆய்வுக்கூடங்களில் நன்றாக இயங்கும் கலங்களே ஒரு சதுர மீட்டர் மின்வாய்க்கு ஓரிரு வாட் அளவில்தான் தருகின்றன. ஒரு வாட் என்று கொண்டால், 60 வாட் மின்விசிறி ஒன்று சுற்ற 60 சதுர மீட்டர் மின்வாய் வேண்டும். அதே ஒரு சதுர மீட்டரில் சூரியத் தகடு வைத்தால் நல்ல வெயிலில் 200 வாட் வரை கிடைக்கும். மழைக்குப் பெயர்பெற்ற தைப்பிங்கிலும் தகடுதான் வெல்லும். உணவுக் கழிவை மட்டும் எடுத்துக்கொண்டாலும், மூடிய கலனில் மட்கவைத்து எரிவாயு எடுப்பதே இன்று கைகண்ட வழி. நம் நாட்டுச் செம்பனை ஆலைகள் பல தங்கள் கழிவுநீரிலிருந்து அப்படித்தான் மின்சாரம் எடுக்கின்றன.

அப்படியானால் இந்தக் கலம் வீணா? இல்லை. பிரிஸ்டலிலுள்ள மேற்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தினர் 2015இல் கிளாஸ்டன்பரி இசைவிழாவில் சிறுநீரைக் கொண்டே கழிப்பறைக்கு விளக்கேற்றினார்கள். நகரத்திற்கு அல்ல, கழிப்பறைக்கு! அளவறிந்து சொன்னதால் அது பொய்யாகவில்லை. கழிவுநீரைச் சுத்தப்படுத்தும்போதே கொஞ்சம் மின்சாரமும் கிடைப்பது, நீரின் மாசை அளக்கும் உணரியாகப் பயன்படுவது ஆகியவையே இதன் உண்மையான வலிமை.

நண்பர்களே, நான் கவலைப்படுவது மின்சாரத்தைப் பற்றி அல்ல. இன்று நம் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் புத்தாக்கப் போட்டிகளில் பதக்கங்களைக் குவிக்கிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் ‘கழிவிலிருந்து மின்சாரம்’ என்ற படைப்பைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் ஆணியைத்தான் தேடுகிறது. பத்து வயதுக் குழந்தையின் மேல் குற்றமில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் கைதட்டுகிற நாம்தான் குற்றவாளிகள். தமிழில் அறிவியல் வளர வேண்டும் என்று மேடையில் பேசுகிறோம். கலைச்சொல் மட்டும் இருந்தால் அறிவியல் வளர்ந்துவிடுமா? தமிழில் சந்தேகப்படவும் கற்றுக்கொடுக்க வேண்டாமா?

விடுமுறையில் தமிழ்ப்பள்ளிகளுக்கு அறிவியல் முகாம் நடத்தச் செல்லும் நம் கழகத்தினர் மூன்று கேள்விகளை உடன் எடுத்துச் செல்லட்டும். மின்வாய் எதனால் ஆனது? உணவே இல்லாமல் செய்தால் என்ன ஆகிறது? எத்தனை வாட், எத்தனை மணி நேரம்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லும் மாணவன் 0.3 வோல்ட் காட்டினாலும் அவனுக்கே முதல் பரிசு கொடுங்கள்.

தைப்பிங் ஏரிப் பூங்கா ஈயம் தோண்டிக் கைவிட்ட குழிகளிலிருந்து 1880இல் உருவானது. கழிவை வளமாக்கும் கனவு எங்கள் ஊருக்குப் புதிதல்ல. ஆனால் அங்கே குழியைக் குழி என்று ஒப்புக்கொண்ட பிறகே பூங்கா வந்தது. அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது அந்தப் பதக்கத்தின் பக்கத்தில் துருப்பிடித்த ஆணி ஒன்றையும் வைக்கப்போகிறேன். ஏனென்று யாராவது கேட்டால் சொல்வதற்கு என்னிடம் இப்போது ஒரு நல்ல பாடம் இருக்கிறது.