பி.டி. பீரியடைக் கடன் வாங்கிய வாத்தியார்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. வைட்டமின் டி மூளையில் ஹார்மோன் சுரக்க வைக்குமாம், மறதியும் மனச்சோர்வும் போய்விடுமாம், 60,000 யூனிட் மாத்திரையை எல்லோரும் போட வேண்டுமாம். படித்ததும் எனக்குப் பகீரென்றது. நம் சொந்தத்தில் ஒரு பெரியவர், வாரம் ஒன்று போட வேண்டிய அந்த மாத்திரையை ஞாபகசக்தி கூடும் என்று தினம் ஒன்றாக மூன்று மாதம் விழுங்கினார். வாந்தி, மலச்சிக்கல், கடைசியில் பேச்சே குழம்பிவிட்டது. ரத்தத்தில் கால்சியம் எகிறியிருந்தது. மூளைக்காகச் சாப்பிட்டது மூளையையே கலக்கிவிட்டது.

அந்தச் செய்தி முழுப் பொய்யும் அல்ல. அதனால்தான் ஆபத்து. வைட்டமின் டி உண்மையில் ஒரு ஹார்மோன் மாதிரி. தோலில் இருக்கும், கொலஸ்ட்ராலுக்கு நெருங்கிய உறவான ஒரு பொருளின் மேல் புற ஊதாக் கதிர் படும்போது உருவாகிறது. பிறகு கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றமடைந்து வேலைக்குத் தயாராகிறது. மூளையும் தனக்கு வேண்டிய ஸ்டீராய்டு ஹார்மோன்கள் சிலவற்றைத் தானே செய்துகொள்கிறது. 1981-ல் பிரான்ஸின் எட்டியென்-எமில் பொலியூ குழுவினர் எலி மூளையில் இதைக் கண்டார்கள். அட்ரினல் சுரப்பிகளையும் விரைகளையும் எடுத்த பிறகும் மூளையில் அந்த ஹார்மோன் இருந்தது. வைட்டமின் டி-யை அடையாளம் காணும் ஏற்பிகளும் மனித மூளையில் உண்டு. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த நரம்பு செல்களில், ஸ்டீராய்டு தயாரிக்கும் என்சைம்களை வைட்டமின் டி கூட்டவோ குறைக்கவோ செய்கிறது.

ஆனால் தட்டில் வளர்த்த செல் வேறு, மனிதர் வேறு. அமெரிக்காவில் 50 வயதைத் தாண்டிய 18,353 பேரிடம் செய்த சோதனையின் முடிவு 2020-ல் வந்தது. பாதிப் பேருக்குத் தினமும் 2,000 யூனிட், மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. ஐந்து ஆண்டுகள் பார்த்தும் மனச்சோர்வில் இரண்டு பக்கமும் வித்தியாசமில்லை. குறைபாடு இருந்தால் எலும்புக்கும் தசைக்கும் மருந்து அவசியம், மறுக்கவில்லை. ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டர் சொன்ன அளவில், சொன்ன காலத்துக்கு மட்டும் போடுங்கள். இது கொழுப்பில் கரைவது. அதிகமானால் சிறுநீரில் போய்விடாது, உடம்பிலேயே தங்கும்.

சரி, வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் ஊரில் இந்தக் குறைபாடு ஏன்? இதில் என் பங்கும் உண்டு. காலை இளவெயிலில் நில்லுங்கள், வைட்டமின் டி கிடைக்கும் என்று முப்பது வருஷம் உங்களுக்குச் சொன்னவன் நான். நம்மைப் போலவே 13 டிகிரி அட்சத்தில் இருக்கும் திருப்பதியில், தோலில் உள்ள அந்தப் பொருளைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து மணிக்கு மணி வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். 2013-ல் வெளியான அந்த ஆய்வின்படி, வருஷம் முழுவதும் அதிகமாக உருவாவது பகல் 11 மணி முதல் 2 மணி வரை. காலையில் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் நடப்பது இதயத்துக்கு நல்லது, மனசுக்கும் நல்லது. நானும் நடக்கிறேன். வைட்டமின் டி-க்கு மட்டும் அது போதாது. கார் கண்ணாடி, ஆபீஸ் ஜன்னல் வழியாக வரும் வெயிலும் உதவாது.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். பத்தாம் வகுப்புக்கு பி.டி. பீரியட் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், பதினொன்றே முக்காலுக்கு. எத்தனை முறை பி.டி. சாரிடம் அதைக் கடன் வாங்கி உங்களை உட்கார வைத்து ரிவிஷன் நடத்தியிருக்கிறேன்! ஒரு முறையும் திருப்பிக் கொடுத்ததில்லை. எலும்பு வளரும் வயதில் உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய நல்ல வெயிலை மறித்துக்கொண்டு, போர்டில் வைட்டமின் டி குறைபாட்டு நோய்களை எழுதிக்கொண்டிருந்தேன்.

உங்களில் பலர் இன்று பெற்றோர். சிலர் ஆசிரியர்கள். பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைக் கேட்டுவிட்டு, பி.டி. பீரியட் உண்மையில் நடக்கிறதா என்றும் கேளுங்கள். ஆசிரியர்களே, அதைக் கடன் வாங்காதீர்கள். பெரியவர்கள் கத்திரி வெயிலில் நின்று மயங்கி விழ வேண்டாம். மற்ற மாதங்களில் மதியம் சிறிது நேரம், கை கால்களில் வெயில் பட்டால் போதும். ஃபார்வர்டைப் பார்த்து மட்டும் மருந்துக் கடைக்குப் போகாதீர்கள்.

வாங்கிய பீரியடை இனி என்னால் திருப்பித் தர முடியாது. உங்கள் பிள்ளைகளுடைய பீரியடையாவது நீங்கள் காப்பாற்றுங்கள்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் வாத்தியார்,
அயனம்பாக்கம்