ஒரே கம்பியில் பேச்சும் இணையமும்



பிள்ளைகளோ உடன்பிறந்தோரோ கடல்கடந்து பணியாற்றாத குடும்பம் நம் நாசரேத் வட்டாரத்தில் அரிது. ஆகவே தொலைபேசியை நாம் ஆடம்பரமாகக் கருதியதில்லை. அதே கம்பியில் கணிப்பொறியையும் இணைத்தபோதுதான் தொல்லை பிறந்தது.

விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகஸ்டு 15இல் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கிற்று. அக்காலத்து மோடம் கணிப்பொறியின் குறிகளை ஒலியாக்கி, மனிதக் குரலுக்கென வகுத்த பாதையிலேயே அனுப்பியது. கணிப்பொறி பேசும்வரை மனிதர் பேச இயலாது.

2003இல் மூத்த மகளின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவைக் காண இரண்டு மணி நேரம் இணைப்பைப் பிடித்திருந்தோம். அவ்வேளையில், மனைவியின் பிரசவச் செய்தியறியக் குவைத்திலிருந்து தம்பி அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறான். "அண்ணே, உயிரே போய்விட்டது" என்றான் மறுநாள். தாயும் சேயும் நலமாக இருந்ததனால் அன்று சிரித்தோம்.

இதற்குத் தீர்வாக ஐ.எஸ்.டி.என். என்னும் எண்முறை இணைப்பு அப்போதே இருந்தது. இணைப்பகத்தில் நம் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளாக்குவர்; ஆக நொடிக்கு 64,000 பிட்டுகள். இவ்வெண் வடிவத்தை வீடுவரை நீட்டி, ஒரே கம்பியில் இரு தடங்கள் தந்தது அம்முறை. ஒன்றில் பேச்சு, மற்றொன்றில் கணிப்பொறி. எனினும் அது பெரும்பாலும் அலுவலகங்களோடு நின்றுவிட்டது.

நம் இல்லங்களுக்கு வந்தது, பி.எஸ்.என்.எல். 2005 ஜனவரியில் தொடங்கிய அகலப்பட்டை. குரல் தாழ்ந்த அதிர்வெண்களிலும் இணையம் உயர்ந்த அதிர்வெண்களிலும் செல்லும். இரண்டையும் பிரிப்பது 'ஸ்பிளிட்டர்' என்னும் சிறு பெட்டி. அதன் அருமை அறியாத நான், அம்மாவின் அறைத் தொலைபேசியைப் பெட்டிக்கு முன்னாலேயே கம்பியில் மாட்டிவிட்டேன். மணி அடிக்குந்தோறும் இணையம் அறுந்தது. மும்முறை புகார் எழுதினேன். வந்த லைன்மேன் ஐந்தே நிமிடத்தில் ஒயரை மாற்றிவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தார்!

இன்று கண்ணாடி இழை வருகிறது; வேகம் மிகுதி. ஒன்றை மட்டும் கவனியுங்கள். செப்புக் கம்பித் தொலைபேசிக்கு இணைப்பகத்துப் பாட்டரியே மின்சாரம் தந்தது, மின்வெட்டிலும் பேசலாம். இழை இணைப்பின் பெட்டியோ வீட்டு மின்சாரத்தை நம்பியது. முதியோர் தனித்திருக்கும் இல்லமாயின், அப்பெட்டிக்கு ஒரு சிறு பாட்டரியையும் சேர்த்தே வாங்கி வையுங்கள்.