தலைமாட்டில் ஓர் அழைப்புமணி

நோயுற்ற முதியோர் வாழும் இல்லங்கள் பலவற்றில் இந்நாளிற் கம்பியில்லா அழைப்புமணி ஒன்று இடம்பெற்றிருக்கின்றது. மணி கூடத்துச் சுவரில் இருக்கும். அதனை ஒலிக்கச் செய்யும் சிறு கருவி, 'றிமோட்' என யாவரும் வழங்கும் தொலையியக்கி, நோயாளியின் தலைமாட்டிற் கிடக்கும். தீப்பெட்டியளவினதான அதன் நடுவே சட்டைப் பொத்தானையொத்த ஓர் அழுத்தி. இரவில் யாதேனும் வேண்டின் அதனை அழுத்த வேண்டும். ஆயினும் சில வீடுகளில் அம்மணி ஒலிப்பதேயில்லை. "மணி வாங்கிக் கொடுத்தோம், அம்மம்மா அதைத் தொடுகிறாரில்லை" என்று வீட்டார் குறைப்படுவர். அவர் தொட முயன்று, இயலாது, தண்ணீர் கேட்க வழியின்றி விடியும்வரை கிடந்திருக்கவும் கூடுமன்றோ?

பழி அப்பொத்தானையே சாரும் என்பது எமது துணிபு. அதன் அடியிலிருப்பது பெரும்பாலும் 6 மில்லிமீற்றர்ச் சதுரமான ஒரு சிற்றாளி. இவ்வகை ஆளிகள் பலவற்றை இயக்க 160 முதல் 260 கிராம் நிறைக்கு நிகரான விசை வேண்டும். அவை தாழ்வதோ கால் மில்லிமீற்றரளவே. சுகதேகிக்கு இஃது ஒரு பொருட்டன்று. மூட்டுவாதத்தால் வீங்கிய விரலுக்கோ நிலைமை வேறு. விசையைப் பரப்பால் வகுக்க வருவது அமுக்கம் என்பதை மாணாக்கர் அறிவர். சிறு பரப்பில் விரல்நுனி அழுந்தும்பொழுது அமுக்கம் மிகுந்து நோவுண்டாகின்றது. கை நடுங்குவோர்க்கு நோவினும் பெரிய இடர், குறி தவறுதல். இலக்கின் தூரம் மிகுந்தோறும் அகலம் குறைந்தோறும் கை அதனைச் சென்றடையும் நேரம் நீளும் என்பதை அமெரிக்க உளவியலறிஞர் போல் பிற்ஸ் 1954ஆம் ஆண்டில் அளந்து காட்டினார். இருளிலே, மூக்குக்கண்ணாடியுமின்றித் துழாவுபவர்க்கு ஒரு சிறு பொத்தான் எங்ஙனம் அகப்படும்?

ஆகவே, அத்தொலையியக்கிக்குப் பெரியதொரு பொத்தானை இணைத்துவிடலாம். விளையாட்டு இயந்திரங்களுக்கெனச் செய்யப்படும் குமிழ்ப் பொத்தான்களில் 60 மில்லிமீற்றர், 100 மில்லிமீற்றர் விட்டமுள்ளவையும் உள. உள்ளங்கையாலோ, முட்டியாலோ, முழங்கையாலோ அவற்றை அழுத்தலாம். அவற்றின் அடியிலுள்ள ஆளியில் வழக்கமாக மூன்று முனைகள் இருக்கும். அழுத்தும்பொழுது மட்டும் தம்முள் இணையும் இரண்டனையே நாம் கொள்ள வேண்டும்.

வேலை எளிது. முதலில் தொலையியக்கியைத் திறந்து, சிற்றாளியின் நான்கு கால்களையும் நோக்குக. அவை இரண்டிரண்டாக உள்ளே தொடுக்கப்பட்டவை. பிழையான சோடியிற் கம்பியை இணைத்தால் பெரிய பொத்தானை அழுத்தினும் மணி ஒலியாது. மூலைவிட்டமாக எதிரெதிரேயுள்ள இரு கால்களைக் கொண்டால் இவ்வையம் எழாது. துண்டுக் கம்பியொன்றால் அவ்விரண்டையும் ஒருகணம் தொடுக்க மணி ஒலிக்குமாயின், தேர்வு சரியே. பின்னர் மின்கலத்தைக் கழற்றிவிட்டு, மெல்லிய கம்பிகள் இரண்டினை அக்கால்களிற் பற்றாசு பிடித்து, மறுநுனிகளைப் பெரிய பொத்தானுடன் இணைக்க. எக்கம்பி எம்முனைக்கு என்ற பேதமில்லை. இரு ஆளிகளும் சமாந்தரமாக அமைவதாற் பழைய பொத்தானும் முன்போலவே தொழிற்படும்.

இத்தகைய வேலை கெடுவது பெரும்பாலும் கம்பி இழுபடுவதனாலேயே. ஒருமுறை வெடுக்கென இழுத்தாற் பலகையிலுள்ள செம்புப்படலமே பெயர்ந்துவிடும். கம்பி வெளிவரும் துளைக்கு உட்புறம் ஒரு முடிச்சிட்டு, சூட்டுப்பசையால் நிறுத்திவிடுதல் வேண்டும். கைத்திறமுடையோர் துளையில் 3.5 மில்லிமீற்றர்ச் செருகுவாய் ஒன்றைப் பொருத்திக்கொள்வது இன்னும் நன்று. உடலியலாதோர்க்கெனச் செய்யப்படும் ஆளிகள் பல அவ்வளவினதான செருகியுடனேயே வருகின்றன. நோயாளியின் நிலை மாறும்பொழுது ஆளியையும் மாற்றிக்கொள்ளலாம்.

எல்லாத் தொலையியக்கிகளும் இதற்கு இசையா. மின்கலமேயின்றி, அழுத்தும் விசையாலேயே மின்னைப் பிறப்பிக்கும் மணிகளும் உள. அவற்றில் இம்முறை செல்லாது. தொலைக்காட்சித் தொலையியக்கியிலோ இறப்பர்ப் பொத்தானின் அடியிலுள்ள காபன் வில்லையே ஆளியாகின்றது. பலகையிலுள்ள தொடுமுனைகளும் காபன் பூசப்பட்டவையாயிற் பற்றாசு பிடியாது. செம்புத்தடம் செல்லும் வழியைத் தேடி, மேற்பூச்சைச் சுரண்ட வேண்டும். புதிதாகப் பழகுவோர் அதிற் கைவைக்காதிருப்பது நலம்.

பேரப்பிள்ளைகள் உலாவும் வீடாயின் இன்னொன்றும் கவனிக்கற்பாலது. இக்கருவிகள் சிலவற்றில் 20 மில்லிமீற்றர் விட்டமுள்ள நாணய வடிவ மின்கலம் இருக்கும். குழந்தை அதனை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துள்ளேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகலாம். விழுங்கியதாக ஐயம் தோன்றினாலும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். கழற்றிய திருகாணிகள் அனைத்தையும் மீளப் பூட்டிய பின்னரே தொலையியக்கியை வெளியே வைக்க.

பொத்தானை எங்கே வைப்பது என்பதை நோயாளியிடமே கேட்டறிய வேண்டும். பாரிசவாதத்தால் ஒரு பக்கம் தளர்ந்தவர்க்கு நல்ல கையின் பக்கமே தகுந்த இடம். புரண்டு படுக்கும்பொழுது உடம்பின்கீழ் அகப்படுமாயின் மணி வீணே ஒலிக்கும், மின்கலமும் தீரும். ஆதலாற் படுக்கையின்மேல் வையாது கட்டிற் சட்டத்திற் கட்டுதல் நன்று. கட்டுமுன்னர், இரவு விளக்கணைத்தபின் அவரையே மும்முறை அழுத்தச் செய்து, கூடத்தில் ஒருவர் நின்று செவிமடுக்க. மும்முறையும் மணி கேட்டால் முடிச்சை இறுக்கிவிடலாம்.