கடலைப் பரீட்சையும் வாத்துக் குஞ்சும்

1960-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் லக்ஷத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. தீனியிலிட்ட கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் உண்டாக்கிய 'அப்ளாடாக்ஸின்' என்னும் விஷமே காரணமெனப் பின்னர் விளங்கிற்று. அக்காலத்தில் இவ்விஷத்தை அறிய, சரக்கின் சாற்றை வாத்துக் குஞ்சுகளுக்கு ஊட்டி, ஈரல் கெடுகிறதாவென்று பல நாள் காத்திருந்தார்கள். இப்பொழுதோ, அரைத்த கடலையின் சாற்றைப் பரீட்சைப் பட்டையில் விட்டால் சில நிமிஷங்களில் விஷம் தென்படும்; அளவை ரசாயனசாலையில் துல்லியமாய்க் கணக்கிடலாம். ஓர் உயிரும் வதைபடுவதில்லை.

ஆகையால், விற்பனைக்கூடந்தோறும் விலை பேசுமுன் இப்பரீட்சை நடைபெறுதல் அவசியமென்பது எமது கருத்து. இதனால் விலை குறையுமென்று அஞ்சுவோர் உண்டு. நல்ல சரக்குடையவருக்கு இதுவே தக்க சாக்ஷி. கிராம அதிகாரிகள் இதற்கு முயல்க. மிராசுதார்களும் காய்களை உடனே நன்குலர்த்தி, ஈரமின்றிச் சேமிப்பார்களாக.